பருவம் முடியும்வரை மஸில்லோடர் குழலைக் கழுவாமல் விடலாமா?

முதல்வேட்டு:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். பின்னால் இருக்கும் கதையையும் சொன்னால்தான் ஏன் கேட்கிறேன் என்பது புரியும்.

என்னிடம் இருப்பது 50 காலிபர் மஸில்லோடர், அதாவது குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி. பக்கவாட்டில் குதிரை, நிப்பிள் என்ற சின்னக் குழாயின் மேல் கேப் என்ற பொறி தரும் குட்டித் தொப்பியை மாட்டும் பழைய பாணி. 70 கிரெய்ன் (மருந்தை அளக்கும் சிறு அலகு) வெடிமருந்து, துணி வைத்து இறக்கும் ஈய உருண்டை. வாங்கி இது மூன்றாவது வேட்டைப் பருவம்.

போன வருஷம் பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது குழலைப் பளபளவென்று கழுவி, உள்ளே தாராளமாக எண்ணெய் விட்டு, சுவரோரமாக நிமிர்த்தி வைத்தேன். முதல் நாள் விடியற்காலை ஒரே ஒரு துணியை விட்டு இழுத்துவிட்டு மருந்தை இடித்தேன். ஏழு மணி வாக்கில் கொம்பு மான் ஒன்று 40 கெஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. அப்படி ஒரு நிற்பு இனி வாய்க்குமா தெரியவில்லை. விசையை இழுத்தேன். 'டப்' என்று கேப் மட்டும் வெடித்தது. மருந்து பற்றவே இல்லை. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று பயந்து, குழலை முன்னோக்கியே பிடித்தபடி மனசுக்குள் அறுபது வரை எண்ணினேன். இருபதிலேயே மான் போய்விட்டது. அப்புறம் இன்னொரு கேப் மாட்டிப் பார்த்தேன். மறுபடியும் 'டப்'. சாயங்காலம் குண்டைத் திருகி இழுத்து எடுத்தபோது மருந்து குழைத்த மை மாதிரி வந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. குறிப்பலகையில் 50 கெஜத்தில் சுடும்போது, கழுவின குழலின் முதல் வேட்டு மூன்று அங்குலம் இடப்பக்கம் போகிறது. இரண்டாவதிலிருந்து எல்லாம் நடுவில் விழுகின்றன.

இதையெல்லாம் கேட்ட நண்பன் சொன்ன யோசனை: "பருவத்தின் முதல் நாள் குண்டில்லாமல் வெறும் மருந்தைச் சுட்டு, குழலைக் கரியாக்கிவிடு. பருவம் முடிகிற வரை தண்ணீரைக் காட்டாதே. சுட்டால் அந்தக் கரி மேலேயே அடுத்ததை இடி." அவன் வருஷா வருஷம் மான் அடிப்பவன். நான் கேப் மட்டும் வெடிப்பவன். எனவே எடுத்த எடுப்பில் மறுக்க முடியவில்லை.

எங்கள் பருவம் 16 நாள். காலையில் பனி இறங்கும், இடையிடையே தூறலும் உண்டு. 16 நாள் கரியோடு விட்டால் குழலுக்கு உண்மையிலேயே கேடு வருமா, இல்லை பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பயமுறுத்தலா?

வரப்போரம்:

நான் விடுகிறேன். பல வருஷமாக. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் காற்று வறண்டு, குளிர்ந்து கிடக்கும். மூன்று நாள், நான்கு நாள் வரை கரியோடு கிடந்திருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. 16 நாள் விட்டதில்லை. தூறல் என்று வேறு சொல்கிறீர்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பழங்குழல்:

தம்பி, குற்றவாளியை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். குழல் சுத்தமாக இருந்ததாலா மருந்து பற்றவில்லை? உள்ளே எண்ணெய் இருந்ததால் பற்றவில்லை. நிமிர்த்தி வைத்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக விட்ட எண்ணெய் ஒரு வாரமாக வழிந்து, மருந்து உட்காரும் அடிப்பகுதியிலும், நிப்பிளிலிருந்து உள்ளே போகும் பொறித்துளையிலும் தேங்கியிருக்கும். துணி குழலைத்தான் துடைக்கும். அந்தத் துளைக்குள் அது போகாது. கேப்பின் பொறி எண்ணெயில் அணைந்திருக்கும், அதைத் தாண்டிப் போனாலும் அங்கே இருந்தது நனைந்த மருந்து. கழுவினதற்குக் கிடைத்த தண்டனை என்று இதை எடுத்துக்கொண்டு, இனிமேல் கழுவவே மாட்டேன் என்று போனால், சளி பிடித்தது என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான்.

என் கதையையும் சொல்கிறேன். பதினோரு வருஷம் முன்பு என்னிடம் 54 காலிபர் குழல் ஒன்று இருந்தது. நான் வைத்திருந்ததிலேயே நேராகச் சுட்ட குழல். ஒரு சனிக்கிழமை மாலை ஒரு வேட்டு சுட்டேன், தவறிவிட்டது. இருட்டிவிட்டது, அலுப்பு வேறு. நாளைக்கும் போகத்தானே போகிறோம், இந்தக் கரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே மூலையில் சாய்த்தேன். ஞாயிறு மழை. திங்கள் முதல் வேலை. அடுத்த சனிக்கிழமை கோலில் துணியைச் சுற்றி இறக்கினேன். முக்கால்வாசி வழுக்கிக்கொண்டு போன துணி, அடிப்பக்கம் கரகரவென்று உப்புத்தாள் மேல் போவதுபோல் போனது. வெளியே வந்தபோது செங்கல் நிறம். ஏழே நாள்.

கழுவித் துடைத்து, குட்டி விளக்கை உள்ளே இறக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அப்புறம் அந்தக் குழல் எனக்கு நேராகச் சுடவே இல்லை. இறக்கும்போதே குழியின் ஓரங்கள் துணியைக் கிழித்தன. சுட்ட பிறகு தரையில் கிடந்த துணிகளைப் பொறுக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கீறல். துணி கிழிந்தால் உருண்டைக்குக் குழலின் உள்சுவரில் இருக்கும் சுருள் வரிகளோடு பிடிமானம் போய்விடும், அது போக்குக்குப் போகும். குழிகளுக்குள் தங்கின கரியையும் முழுசாக எடுக்க முடியவில்லை. மறுபடி மறுபடி அங்கேயே துரு பூத்தது. இன்றைக்கும் அது பரணில்தான் கிடக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் நண்பரிடம் வாதாட வசதியாக இருக்கும். கரிமருந்து என்பது 75 பங்கு பொட்டாசியம் நைட்ரேட், 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். புகையில்லாத மருந்து மாதிரி இது முழுக்க வாயுவாகிப் பறந்துவிடாது. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும். அதில் ஒரு பகுதிதான் வெண்புகையாகக் கண்முன் போகிறது, மீதி குழலில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதில் முக்கியமானவை பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், கொஞ்சம் பொட்டாசியம் சல்பைடு. கழுவும்போது அழுகின முட்டை நாற்றம் வருகிறதே, அது இந்த சல்பைடின் வேலை.

இவற்றில் நம்மைக் கவிழ்ப்பது கார்பனேட். 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 43 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், அது காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பித்துவிடும். பனியும் தூறலும் உள்ள இடத்தில் 43 எல்லாம் கணக்கிலேயே வராது. மழை உள்ளே போகவேண்டும் என்பதில்லை, குழல் தானாகவே நனைந்துகொள்ளும். சுட்டவுடன் விரல் விட்டுப் பார்த்தால் வறண்ட கரியாக இருப்பது, மறுநாள் காலையில் பிசுபிசுவென்று இருக்கும். வரப்போரம் நண்பருக்கு நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அவர் ஊர்க் காற்றின் கருணை.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் போடுவது அசல் கரிமருந்தா, மாற்று மருந்தா? பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளில் பொட்டாசியம் பெர்குளோரேட் கலந்திருக்கும். அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்புக்கு உடன்பிறப்பு. இரும்பை உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'மாற்று மருந்து, அதனால் துரு வராது' என்று நினைத்துக் குழலை இழந்தவர்கள் நிறைய. ஸ்டெயின்லெஸ் குழல் என்றால் கவலையில்லை என்பதும் அப்படித்தான். மெதுவாகத் துருப்பிடிக்கும், அவ்வளவே. குளோரைடு அதிலும் குழி பறிக்கும்.

சரி, என்ன செய்வது? சுட்ட அன்றே கழுவுங்கள், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும். கட்டையிலிருந்து கழற்ற முடிகிற குழலாக இருந்தால் கால் மணி நேர வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு. குழலின் அடிப்பக்கத்தை வாளியில் முக்கி, நிப்பிளைக் கழற்றிவிட்டு, துணி சுற்றின கோலை மேலும் கீழும் இழுங்கள். பீச்சாங்குழல் மாதிரி துளைவழியாகத் தண்ணீரை இழுத்து இழுத்துத் துப்பும். குழலோடு பொறித்துளையும் சுத்தமாகிவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். சீக்கிரம் காயும் என்பார்கள், காய்கிற வேகத்திலேயே மெல்லிய மஞ்சள் துரு படர்வதையும் பார்த்திருக்கிறேன். பிறகு துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் தொட்ட துணியை ஒரு தடவை விடுங்கள். 'தொட்ட' துணி. நீங்கள் போன வருஷம் விட்டது அபிஷேகம். அப்புறம் குழல்வாய் கீழே பார்க்கும்படி, கீழே பழைய துணி போட்டு வையுங்கள். மிச்ச எண்ணெய் அந்தப் பக்கமாக வடியும்.

காலையில் நிரப்புவதற்கு முன் அந்த எண்ணெயை எடுக்க வேண்டும். இதில்தான் நீங்கள் கோட்டை விட்டீர்கள். ஸ்பிரிட்டில் நனைத்த துணி ஒன்று, காய்ந்த துணி இரண்டு. ஸ்பிரிட் முழுக்க ஆவியாகட்டும். அடுத்து, காய்ந்த துணியோடு கோலை அடிவரை இறக்கி அங்கேயே விட்டுவிட்டு, பாதுகாப்பான பக்கம் பார்த்து நிப்பிளில் இரண்டு கேப் சுடுங்கள். துணியை வெளியே எடுத்தால் பொறித்துளைக்கு நேராகக் கருகின புள்ளி தெரியும். தெரிந்தால் வழி திறந்திருக்கிறது, மருந்தை ஊற்றலாம். தெரியாவிட்டால் அன்றைக்கு மானைப் பற்றி யோசிக்காமல் நிப்பிளைக் கழற்றிக் குத்துங்கள்.

முதல் வேட்டு மூன்று அங்குலம் விலகுகிறது என்கிறீர்கள். அது எண்ணெய்ப்பசையால் இருக்கலாம், சுத்தமான குழலின் இயல்பாகவும் இருக்கலாம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபின் சுட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்போதும் விலகினால் விலகட்டுமே, குறியை அந்த முதல் வேட்டுக்கு வையுங்கள். குறிப்பலகைதான் ஐந்தாவது வேட்டு வரை காத்திருக்கும். மான் முதல் வேட்டுக்கு மட்டும்தான் நிற்கும்.

நீலக்கம்பி:

பெரியவர் சொன்னதோடு ஒரு சின்ன ஒட்டு. பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்தைப் போடுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நைட்ரோசெல்லுலோஸ் வகை. அதன் கரியைத் தண்ணீர் கரைக்காது, புகையில்லா மருந்துக்குப் போடும் கரைப்பான்தான் வேண்டும். அந்த மருந்துக்கு 209 பிரைமர் (கேப்பைவிட வலுவான பொறி தருவது) மாட்டும் துப்பாக்கியும் தேவை, கேள்வி கேட்டவரின் நிப்பிள் கேப்புக்கு அது பற்றாது.

என்னுடையது அந்த வகைதான். கரியோடு விட்டால் குழல் தாங்குகிறது, அடியில் திருகியிருக்கும் பிரீச் பிளக் தாங்காது. ஒரு பருவம் முழுக்கக் கழற்றாமல் விட்டேன். முடிவில் மரைக்குள் கரி இறுகி, ஸ்பேனரில் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கினோம். பிளக் வந்தது, முதல் மரையும் கூடவே வந்தது. இப்போது மரைக்கு கிரீஸ் போடாமல் திருகுவதில்லை.

முதல்வேட்டு:

பழங்குழல் ஐயா, 'அபிஷேகம்' என்ற வார்த்தையைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தேன். அப்புறம் பரணில் கிடக்கும் குழலை நினைத்து சிரிப்பு போய்விட்டது.

டப்பாவைப் பார்த்தேன். மாற்று மருந்துதான், பெர்குளோரேட் உள்ளது. ஆக நண்பனின் யோசனை எனக்கு இரட்டைக் கேடு.

ஒரு சந்தேகம் மட்டும். நாள் முழுக்கக் காத்திருந்து ஒன்றுமே சுடவில்லை என்றால்? குழல் கரியாகவில்லை, ஆனால் மருந்தும் குண்டும் உள்ளே இருக்கின்றன. அதற்காகத் தினமும் மாலையில் சுட்டுக் காலி செய்து கழுவ வேண்டுமா?

பழங்குழல்:

வேண்டாம். சுடாத மருந்து குழலை அரிக்காது, எரிந்த மருந்துதான் அரிக்கும். சுத்தமான, காய்ந்த குழலில் இடித்தது ஒன்றிரண்டு நாள் தாராளமாக இருக்கும். ஆனால் கேப்பை எடுத்துவிடுங்கள். உள்ளே மருந்து இருக்கிறது என்று எழுதின சீட்டு ஒன்றை விசைக்காப்பில் கட்டுங்கள். கேப் இல்லாவிட்டால் 'நிரப்பாத துப்பாக்கி' என்று கருதும் இடங்களும் உண்டு, கருதாத இடங்களும் உண்டு. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு பூட்டி வையுங்கள்.

முக்கியமாக, வெளியே குளிரில் இருந்ததைச் சூடான அறைக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்ந்த குழல் அறைக்குள் வந்ததும் உள்ளும் புறமும் வியர்க்கும். கண்ணாடி போட்டவர்கள் குளிரிலிருந்து உள்ளே வந்தால் என்ன ஆகிறதோ அதேதான். அந்த வியர்வை மருந்தில் இறங்கினால் மறுநாள் மறுபடியும் 'டப்'. குளிர்ந்தது குளிர்ந்த இடத்திலேயே கிடக்கட்டும். தூறலில் நடக்கும்போது குழல்வாயில் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு வேட்டு சுட்டுவிட்டு, கரி மேலேயே மறுபடி நிரப்பியிருந்தால் கணக்கு மாறிவிடும். அதை அன்று மாலையே வெளியேற்றிக் கழுவிவிடுங்கள்.

அளவுக்கோடு:

'கரி மேலேயே அடுத்ததை இடி' என்பதில் துருவைவிட எனக்கு பயம் வேறு. இரண்டு, மூன்று வேட்டுக்குப் பிறகு மாற்று மருந்துகள் சில அடியில் வளையமாக இறுகிவிடும். குண்டு அந்த வளையத்தில் முட்டி நின்றுவிடும். கைக்கு அடிவரை போன மாதிரியே இருக்கும், ஆனால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி. அப்படிச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். காட்டில் இரண்டாவது வேட்டுக்கு நிரப்ப வேண்டியிருந்தால் எச்சில் தொட்ட துணி ஒன்றையாவது விட்டுத் துடைத்துவிட்டு நிரப்புங்கள்.

கோலில் இரண்டு கோடு போடுங்கள். ஒன்று காலிக் குழலின் அடிவரை இறங்கும்போது குழல்வாய்க்கு நேராக, இன்னொன்று உங்கள் வழக்கமான மருந்தும் குண்டும் இருக்கும்போது. கழுவத் தொடங்கும் முன்னும் கோலை இறக்கிப் பாருங்கள். காலி என்று நினைத்து, நிரப்பின குழலைத் தண்ணீரில் முக்கினவர்கள் உண்டு. இரண்டு தடவை நிரப்பினவர்களும் உண்டு. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து பொறுக்கின துப்பாக்கிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை நிரப்பினவை ஆயிரக்கணக்கில் இருந்தன. பதற்றத்தில் கேப் மட்டும் வெடித்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. கோட்டுக்குத் தெரியும்.

முதல்வேட்டு:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை.

ஐந்து நாள், நாளுக்கு ஒரே ஒரு வேட்டு. தினமும் காலையில் ஸ்பிரிட் துணி, காய்ந்த துணி, இரண்டு கேப், கருகின புள்ளி, அப்புறம் மருந்து. 50 கெஜம். ஒரே காகிதத்தைத் தினமும் அதே இடத்தில் மாட்டினேன். சுட்டதும் கழுவி, எண்ணெய் தொட்டுத் தலைகீழாக வைத்தேன். இரண்டாம் நாள் மட்டும் துணியில் புள்ளி வரவில்லை. நிப்பிளைக் கழற்றிப் பார்த்தால் துளையில் எண்ணெயும் நூலும் சேர்ந்து அடைத்திருந்தது. போன வருஷம் அந்த மான் முன்னால் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

ஐந்து ஓட்டையையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆனால் நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம். ஆக மூன்று அங்குல விலகலில் பாதி எண்ணெய், பாதி குழலின் குணம். பின்குறியை மயிரிழை வலப்பக்கம் தட்டினேன். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் சுட்டவை நடுவில் விழுந்தன. கோலில் இரண்டு கோடும் போட்டாகிவிட்டது.

காகிதத்தை நண்பனிடம் காட்டினேன். "கழுவுவதில் உனக்கு அப்படி என்ன சுகம்" என்றான். அவன் குழலில் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.